காத்திருப்பின் வரம்பு

அக்டோபர் 13, திங்கள்

மீனவர் சங்க அலுவலகக் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் நான்கைந்து பெண்கள் நின்றார்கள். எல்லோர் கையிலும் போன். எல்லாப் போனிலும் ஒரே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“டெல்பினே, நேத்து பூசைக்குப் போவும்போ பொத்தான அமர்த்துனேன். பூசை முடிஞ்சு, ஃபாதர் ஏசுனது எல்லாம் முடிஞ்சு வந்து பாத்தேன். இன்னும் கறங்கிட்டே கிடக்கு,” என்றாள் லூர்தம்மா. அவள் மகன்தான் ‘செபமாலை’ விசைப்படகை ஓட்டுகிறான்.

செயலாளர் ததேயு அண்ணன் உள்ளே அழைத்தார். கடலை விட்டுக் கரையேறிய பிறகும் தொண்டை தணியாதவர். “என்ன கேடு எண்ணு கண்டுபிடி. நாளுக்கு நாள் என்ன செஞ்ச எண்ணு எழுதி வை. கமிட்டியில கேப்பாவ. எனக்கு விளங்குற மாதிரி எழுது, ஒனக்க படிப்பெல்லாம் அதுல காட்டாத.”

விளங்குகிற மாதிரி: எங்கள் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருக்கும் படகுகள் எங்கே நிற்கின்றன என்று வீட்டிலிருப்பவர்களுக்குக் காட்டும் செயலி இது. போனிலிருந்து கேள்வி எங்கள் சர்வருக்கு வரும், சர்வர் பதிலைக் கொடுத்தனுப்பும். கேள்வி வந்து பதில் போகும் அந்த வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். அதைக் கட்டியது நானும் பூங்கொடியும். அவள் கோயம்புத்தூரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். இப்போது பதில் மிகவும் தாமதமாகப் போகிறது.

மதியம் பூங்கொடி ஒரு படம் அனுப்பினாள். ஒரு கேள்வி சர்வருக்குள் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கோடுகளாகக் காட்டும் படம். மேலே சில சின்னக் கோடுகள். அடியில் ஒரு நீளக் கோடு. மேலே இருப்பவற்றை முதலில் பார்க்கலாம் என்று பதில் போட்டேன்.

காற்று அடங்கிவிட்டது. என் தம்பி ரெஜின் ஓட்டும் ‘சந்தியாகப்பர்’ வியாழக்கிழமைக் காற்றுக்குப் பிறகு இன்னும் பதில் தரவில்லை. படகில் இருக்கும் கருவியின் பாட்டரி நனைந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவன் பைக்கைத் தாழ்வாரத்துக்குள் ஏற்றி வைத்தேன். வெளியே நின்றால் உப்புக்காற்று தின்றுவிடும்.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் காரணம். படகுகள் அனுப்பிய செய்திகள் வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. ஒரு படகு எங்கே என்று கேட்டால் சர்வர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறது. தடித்த புத்தகத்தின் பின்னால் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு அடைவு இருக்குமே, அப்படி ஒன்று இதற்கும் வேண்டும். போடாமல் விட்டிருந்தோம். இன்று போட்டேன். மேலே இருந்த கோடுகளில் ஒன்று காணாமலே போய்விட்டது.

மாலையில் லூர்தம்மாவிடம் கேட்டேன். “இப்ப எப்படி இருக்கு?”

“அதே கறக்கம்தான்.”

அக்டோபர் 15, புதன்

கிழங்கு அவித்தேன். நெத்திலி கிடைக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

இரண்டாவது காரணம். படகுகளின் பட்டியலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு படகுக்கும் ஆட்களின் பெயரை எடுக்க சர்வர் தனித்தனியாகத் தரவுக்கிடங்குக்குப் போய் வருகிறது. உப்பு வாங்க ஒரு தடவை, மிளகு வாங்க ஒரு தடவை, புளிக்கு இன்னொரு தடவை என்று கடைக்கு நடப்பது மாதிரி. ஒரே நடையில் எல்லாவற்றையும் வாங்கி வரும்படி மாற்றினேன்.

சோதித்துப் பார்க்கையில் எல்லாப் படகுகளின் ஆட்கள் பெயரும் ஒன்றாக விழுந்தன. ‘சந்தியாகப்பர்’ படகில் ரெஜினோடு சேர்த்துப் பத்துப் பேர். பெயர்கள் சரியாக இருந்தன. எழுத்துப் பிழை இல்லை.

ரெஜினின் மனைவி ஷாலட் மாலையில் வந்தாள். அவள் வீடு எங்கள் வீட்டுக்குப் பின்னால். போனை மேசையில் திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வட்டம் சுற்றியது. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 18, சனி

மூன்றாவது காரணம் பதிலின் பாரம். படகுப் படம், முதலாளி படம், ஆள் படம் எல்லாவற்றையும் எடுத்த அளவிலேயே அனுப்பிக்கொண்டிருந்தோம். ததேயு அண்ணன் செயலாளர் ஆன அன்று கழுத்தில் மாலையோடு எடுத்த படம் மட்டும் ஒரு படகின் பாரம்.

“அண்ணா, உங்க படத்தச் சின்னதாக்கப் போறேன்.”

“முகம் தெரியுமா?”

“மீசை தெரியும்.”

“அது போதும். சின்னதாக்கு.”

அவர் சிரித்தார். ஒன்பதாம் தேதி வியாழக்கிழமைக் காற்றுக்குப் பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தேடப் போன கடற்படைக் கப்பல் இன்றும் ஒன்றும் காணவில்லை என்று சொன்னார்கள் என்றார். கப்பல்காரர்களுக்கு எங்கள் ஆட்கள் வலை போடும் இடம் தெரியாது என்று சொன்னேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நான்காவது காரணம் தூரம். வாடகை குறைவு என்று சர்வரை வெளிநாட்டில் வைத்திருந்தோம். இங்கிருந்து கேள்வி கடல் தாண்டிப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும். ஒரு கேள்விக்கு அது கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் ஒரு பதிலுக்குப் பலமுறை போய்வந்தால் எல்லாம் சேரும். மும்பைக்கு மாற்றினோம். நாள் முழுக்க அந்த வேலை.

பூங்கொடி சொன்னாள்: “டெல்பின், இதெல்லாம் நல்ல வேலைதானுங்க. ஆனா அந்த அடிக் கோடு அப்படியேதான் இருக்குதுங்க.”

“வரிசையா வாறேன்.”

“சரிங்க.”

அக்டோபர் 22, புதன்

ரெஜினின் பைக்கைக் கிக் அடித்துக் கொஞ்ச நேரம் ஓட விட்டேன். நிறுத்தியே வைத்திருந்தால் வண்டி கெட்டுவிடும்.

அக்டோபர் 24, வெள்ளி

தேடுதலை நிறுத்திவிட்டார்கள். தொலைக்காட்சியில் இரண்டு வரி ஓடியது.

மழைக் காலத்தில் நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் வழக்கம்தான்.

ஐந்தாவது காரணம் என்று எழுத வேண்டும். வானிலை அறிவிப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போய் வாங்கி வருகிறோம். அது நாளுக்குச் சில தடவைதான் மாறும். ஒருமுறை வாங்கியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே கொடுத்தால் போதும். செய்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆறாவது காரணம் நாங்களே. பதில் வரவில்லை என்றால் எங்கள் பெண்கள் மறுபடி அமர்த்துகிறார்கள். மறுபடியும். ஒவ்வொரு அமர்த்தலும் சர்வருக்குப் புதிய கேள்வி. பழையது நிற்கும்போதே புதியது பின்னால் வந்து நிற்கும். உள்ளே இருக்கும் இருக்கைகள் நிரம்பிவிட்டால், வேறு எதற்காகவோ வந்தவர்களும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஃபாதரிடம் சொன்னேன். பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: “செயலியை ஒருதடவை அமர்த்தினால் போதும். அது செபம் அல்ல, திரும்பத் திரும்பச் சொல்வதற்கு.” கோயில் முழுக்கச் சிரிப்பு. வெளியே வந்தபோது குருசடிப் படியில் பாதிப்பேர் போனை அமர்த்திக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகலில் எந்த எண்ணிலிருந்து அதிகக் கேள்வி வருகிறது என்று பார்த்தேன். முதலில் இருப்பது ஷாலட்டின் எண். அடுத்தது என்னுடையது. வேலைக்காகச் சோதித்துப் பார்ப்பது.

அக்டோபர் 29, புதன்

பூங்கொடி காணொளி அழைப்பில் வந்தாள். பின்னால் அவள் வீட்டுக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு வாரமா நான் இதக் கேட்காம இருக்கேனுங்க. நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்.”

“கேளுங்க.”

“அடிக் கோடு, படகுகிட்ட கேட்கிற இடம்தானுங்களே?”

“ஆமா.”

“எந்தப் படகுன்னும் உங்களுக்குத் தெரியுமுங்களே?”

தெரியும் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் திரையில் என் முகம் இருந்தது.

இதை ததேயு அண்ணனுக்கு விளங்குகிற மாதிரி எழுதி வைக்கிறேன். செயலியைத் தொடங்குமுன் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டோம். எப்படி வேண்டும் என்று பெண்களைக் கேட்டோம். படகைப் ‘போட்டு’ என்றே சொல்லும் அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். “பழைய கதை வேண்டாம். இப்ப எங்க நிக்கான் எண்ணு போட்டுக்கிட்ட கேட்டுட்டுச் சொல்லு.” ஒவ்வொருவருக்கும் அவரவர் படகை மட்டும் காட்டவா என்றேன். அதற்குச் சத்தம் போட்டார்கள். எங்கள் படகுகள் கூட்டமாகப் போகிறவை. தன் படகு பேசாவிட்டால் பக்கத்துப் படகைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வார்கள். எல்லாப் படகும் ஒன்றாகத்தான் வர வேண்டும் என்றார்கள். ஒரு படகு பதில் தர நேரமானால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கேட்டேன். மண்டபத்தில் ஒரு குரல் சொன்னது, “பதில் வாற வரைக்கும்.” எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் இந்தக் கரைக்காரிதான். அப்படியே எழுதினேன். வரம்பு வைக்கவில்லை.

செயற்கைக்கோள் நிறுவனம் எங்கள் சங்கத்துக்குக் கொடுத்திருப்பது ஒரே வழி. ஒரு நேரத்தில் ஒரு படகோடுதான் பேச முடியும். சாதாரணமாகப் படகில் உள்ள கருவி உடனே பதில் சொல்லிவிடும், வழி அடுத்த படகுக்குக் கிடைக்கும். ஒரு படகு பேசவே இல்லையென்றால் நிறுவனமே சில நிமிடம் பார்த்துவிட்டுத் துண்டிக்கும். அதுவரை மற்ற எல்லாக் கேள்வியும் பின்னால் நிற்கும். துண்டித்ததும் அடுத்த பெண் அமர்த்துவாள். சர்வர் மறுபடி முதலிலிருந்து கேட்கும். மறுபடி அதே படகிடம் வந்து நிற்கும்.

“கேள்விய பின்னணியில ஓட விடலாமுங்க. வீட்டுக்காரங்களுக்குக் கடைசியாத் தெரிஞ்ச இடத்த மட்டும் உடனே காட்டிடலாம்,” என்றாள்.

“அப்பவும் வழி ஒண்ணுதானே.”

“அதானுங்க. அப்பவும் பின்னால நிக்கிற படகுங்க நிக்கத்தான் செய்யும். அதனால எத்தனை நாளா பதில் சொல்லாத படகுகிட்ட இனிமே கேட்கிறதில்லைன்னு ஒரு வரம்பு வேணுமுங்க. அந்த நாள் கணக்க நான் போடட்டுங்களா?”

“வேண்டாம். நான் போடுதேன்.”

அக்டோபர் 30, வியாழன்

ததேயு அண்ணனிடம், எந்தப் படகு என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். இஞ்சின் நின்று காற்றில் இழுபட்டுப் போகும் படகில் ஆட்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?

அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். “அரிசி கிடக்கும். பிரச்சன தண்ணிதான். மழை பெஞ்சா தார்ப்பாய்ல பிடிக்கலாம். மூணு வாரம். அதுக்கு மேல தாக்குப்பிடிச்ச ஆளுவளும் உண்டும். நான் கண்டதில்ல, கேட்டிருக்கேன்.”

மூன்று வாரம் இன்றோடு முடிகிறது. மழை நன்றாகத்தான் பெய்திருக்கிறது.

நவம்பர் 1, சனி

நாளை கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் வாசிப்பதற்கு மரித்தவர்களின் பெயர் கேட்டு உபதேசியார் வீடு வீடாக வந்தார். ஷாலட் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு எதுவும் கேட்காமல் நின்றார்.

“மாமாக்க பேரு மட்டும் எழுதும் உபதேசியாரே,” என்றாள் ஷாலட். “இந்த வீட்டுல வேற ஆரும் இல்ல.”

அவர் எழுதிக்கொண்டு போனார். ஷாலட் உலையில் அரிசி போட்டாள். அளவு கூடிப்போனது. திரும்ப ஒரு கை அள்ளி எடுத்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

அப்பா கல்லறையில் பூ வைத்தோம். மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

வரம்பை எழுதி முடித்துவிட்டேன். படகிடம் கேட்பது இனிமேல் பின்னணியில் நடக்கும், வீடுகளுக்குக் கடைசியாகத் தெரிந்த இடம் உடனே போகும். நாற்பத்தைந்து நாள் தொடர்ந்து பதில் சொல்லாத படகிடம் சர்வர் கேட்பதை நிறுத்திவிடும். அதுவாகவே ஏதாவது அனுப்பினால் உடனே எடுத்துக்கொள்ளும். போன்களில் பட்டியல் இன்று சீக்கிரம் வந்தது. பெண்களுக்குச் சந்தோஷம்.

பூங்கொடி பார்த்துவிட்டு, “நாற்பத்தஞ்சுங்களா?” என்று எழுதினாள்.

ஆமாம், அவசரப்பட வேண்டாம் என்று எழுதினேன். வழியில் நெரிசல் குறையவில்லை என்பது அவளுக்கும் தெரியும். பதிலை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு, காத்திருப்பைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறோம்.

நவம்பர் 5, புதன்

லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் காற்று வலுக்கும் என்று காலையில் அறிவிப்பு வந்தது. சங்கத்திலிருந்து எல்லாப் படகுக்கும் எச்சரிக்கை அனுப்பினோம். எச்சரிக்கை போவதும் அதே ஒரு வழியில்தான்.

‘செபமாலை’க்குப் போக வேண்டிய செய்தி வரிசையில் நின்றது.

நான் திரையின் முன்னால்தான் இருந்தேன். வழி ‘சந்தியாகப்பர்’ பெயரில் இருந்தது. துண்டிக்கப்படும். இன்னொரு படகு பேசும். மறுபடி ‘சந்தியாகப்பர்’. அந்தக் கேள்வியைக் கையால் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. இப்போது பதில் வந்துவிடும் என்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தோன்றும்.

நவம்பர் 6, வியாழன்

‘செபமாலை’க்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தபோது காற்று அவர்கள் மேலேயே வந்துவிட்டது. வலையை வெட்டிவிட்டுத் தீவுப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். ஆட்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு ஆளுக்குக் கை ஒடிந்தது. படகோட்டும் அறையின் கண்ணாடி போயிற்று. பக்கத்தில் நின்ற மற்றப் படகுகளுக்கு முன்கூட்டியே செய்தி கிடைத்ததால் அவை விலகிவிட்டன.

பத்து மணிக்கு லூர்தம்மா வந்தாள். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு வருபவள்.

“எனக்க மவனுக்கு மட்டும் ஏன் பிந்திச்சு?”

வரிசையில் நின்றது என்றேன்.

“ஆருக்குப் பின்னால?”

ததேயு அண்ணன் எழுந்து வந்து, “லூர்தே, வீட்டுக்குப் போ. ஆளு உயிரோட உண்டும்லா,” என்றார்.

“இவ சொல்லட்டும். இவளுக்க தம்பிக்க போட்டுக்குப் பின்னாலதானே?” எப்படியோ தெரிந்திருக்கிறது. இந்தக் கரையில் எதுவும் மறைவாக இருப்பதில்லை. “ஒரு மாசமா பேசாத போட்டுக்க வாயப் பாத்துட்டு நிக்குத. பேசுத போட்டுல ஆளு கிடக்காவ, தெரியாதா ஒனக்கு?”

தெரியும் என்று சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை. அவள் வாசலைத் தாண்டியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். திரும்பி உள்ளே பார்த்தாள். மறுபடி வந்து ஏசுவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ததேயு அண்ணன் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கமிட்டிக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். ஆறு காரணங்களையும் அவற்றுக்குச் செய்ததையும் வாசித்துக் காட்டினேன். அடைவு இல்லாதது, திரும்பத் திரும்ப நடந்தது, பாரம், தூரம், வானிலையைப் பக்கத்தில் வைக்காதது, மறுபடி மறுபடி அமர்த்தியது.

“இதெல்லாம் நெசந்தானா?”

“நெசந்தான் அண்ணா. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் போச்சு.”

“சரி. ஏழாவது?”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் செயலாளரா கேக்கல்ல, பிள்ளே. ரெஜின் எனக்க போட்டுலதான் தொழில் படிச்சான். அந்தப் போட்ட நிறுத்து எண்ணு எனக்க வாயால நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு இன்னொரு போட்டு எனக்குப் பின்னால நின்னு போச்சு எண்ணு ஒருத்தி வந்து கேட்டா, அதுக்கும் என்னால பதில் சொல்ல ஒக்காது.” எழுந்து நின்றார். “ஷாலட்டுகிட்ட நீயே பேசு. ஆரும் சொல்லி அவ கேக்கப்பிடாது.”

நவம்பர் 8, சனி

ஷாலட் வீட்டுக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துச் செதில் உரித்தேன். குழம்புக்கு மாங்காய் போடவா புளி ஊற்றவா என்று கேட்டாள். மாங்காய் என்றேன். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றும் ஷாலட்டிடம் பேசவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பதினோரு மணியிருக்கும், ஷாலட் அலுவலகத்துக்கு வந்தாள். இதுவரை அவள் இங்கே உள்ளே வந்ததில்லை, வாசலோடு நின்றுவிடுவாள். ததேயு அண்ணன் ஐஸ் ஆலைப் பக்கம் வேலை இருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“லூர்தம்மா நேத்து வந்தாவ, மைனி,” என்றாள். “ஏசுவாவ எண்ணு நெனச்சேன். ஒண்ணும் ஏசல்ல. எனக்க கையப் பிடிச்சிட்டு உக்காந்து கண்ணீர் விட்டுக் கரஞ்சாவ. நான்தான் தண்ணி எடுத்துக் கொடுத்தேன்.”

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

“இவருக்க போட்டாலதான் எல்லாம் தங்கிக் கிடக்கா?”

“ஆமா, மக்களே.”

“நீ அத ஆதிலயே கண்டாச்சா?”

“கண்டேன்.”

அவள் தலையாட்டினாள். கோபப்பட்ட மாதிரி இல்லை. “நானும் அப்பிடித்தான். அது கறங்கும்போ எனக்கு ஒரு நிம்மதி. இப்ப கேட்டுட்டு இருக்கு, இவரு இன்னும் சொல்லல்ல, அவ்வளவுதானே எண்ணு இருக்கும். போன வாரம் நீ மாத்துனதுக்குப் பின்ன ஒடனே வருது. எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு அதப் பாக்கவே பிடிக்கல்ல. அமர்த்துன ஒடனே அதே பழைய இடத்தக் காட்டுது.”

வரம்பைப் பற்றிச் சொன்னேன். கேட்பதை நிறுத்தினால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று சொன்னேன். அவன் பக்கத்திலிருந்து தானாக ஏதாவது வந்தால் சர்வர் உடனே எடுத்துக்கொள்ளும், நாம் கேட்பது மட்டும்தான் நிற்கும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

“விளங்குது,” என்றாள். “கடைசியா ஒரு வாட்டி நான் கேக்கட்டா?”

நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். எந்தப் பொத்தான் என்று காட்டினேன். சட்டைத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு அமர்த்தினாள். திரையில் ‘சந்தியாகப்பர், கேட்கிறது’ என்று வந்தது.

காத்திருந்தோம். வெளியே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடி நின்றது. யாரோ ஒரு டெம்போக்காரனை வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவன் எடுத்தான், போதாது என்று மறுபடி கத்தினார்கள்.

“இவரு எப்பவுமே இப்படித்தான், மைனி,” என்றாள் ஷாலட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சாப்பிட வாரும் எண்ணு கூப்பிட்டா முதல் வாட்டி கேக்காது. ரெண்டாவது வாட்டியும் கேக்காது. மூணாவது வாட்டி ‘என்னத்துக்குடி கத்துத’ எண்ணு ஏசிட்டு வருவாரு.”

“சின்னதுலயும் அப்படித்தான். அம்மா வாசல்ல நின்னு தெருவே கேக்கக் கூப்பிடுவா.”

“வருவாரா?”

“தெருவுல எல்லாப் பிள்ளைகளும் வந்து நிப்பாவ. இவன் மட்டும் வர மாட்டான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகும் திரையில் அதே வரி இருந்தது.

பிறகு அது மாறியது. ‘பதில் இல்லை’ என்று வந்தது.

ஷாலட் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். நான் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்தை அழித்துவிட்டு இருபத்தொன்று போட்டேன். சேமிக்கவா என்று இயந்திரம் கேட்டது. ஆம் என்றேன். ஷாலட் என் தோளில் கை வைத்திருந்தாள். ‘சந்தியாகப்பர்’ வரிசையிலிருந்து இறங்கிக் கீழே, கேட்கப்படாத படகுகள் இருக்கும் இடத்துக்குப் போனது. இதுவரை அந்த இடம் காலியாக இருந்தது.

அடுத்த நொடியே பின்னால் நின்ற படகு பதில் சொன்னது. பிறகு அதற்கும் பின்னால் நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக வரிகள் பச்சையாகிக்கொண்டே வந்தன. இவ்வளவு வேகத்தில் அவை வந்து நான் பார்த்ததில்லை.

“முதல்ல வந்தது ஆருக்க போட்டு?” என்றாள் ஷாலட்.

“செபமாலை. லூர்தம்மாக்க மவன்.”

“எங்க நிக்காவ?”

“பக்கத்துல வந்துட்டாவ. குளச்சலுக்கு நேர் மேற்க. இருட்டதுக்கு முன்ன கரை சேந்திரும்.”

அவள் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். முகத்தை அதன் நுனியால் துடைத்தாள்.

“போய்ச் சொல்லிட்டு வாறேன்.”

“போன்லயே தெரியும், மக்களே. இப்ப ஒடனே காட்டும்.”

“காட்டட்டும்,” என்றாள். “ஒரு ஆளு போய்ச் சொன்னாத்தான் மனசு கேக்கும்.”

படியிறங்கி, வெயிலில், லூர்தம்மா வீட்டுப் பக்கமாக வேகமாக நடந்துபோனாள்.